இறங்காத கார்க் கண்ணாடி

எங்கள் காரின் நான்கு கண்ணாடிகளும் ஒரே சமயத்தில் சோம்பேறிகள் ஆகிவிட்டன. பொத்தானை அழுத்தினால் கதவுக்குள் ஏதோ முனகும். கண்ணாடி கொஞ்சம் இறங்கும், நிற்கும், மனசு வந்தால் மீதியும் இறங்கும். ஏற்றுவது அதைவிடப் பெரும்பாடு. விளிம்பைக் கையால் பிடித்து மேலே தூக்கிவிட வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கண்ணாடியை அடைத்துவிட்டு, குளிருக்கு ஏர்கோனைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரை டவுனில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். வீடு புக்கிட் ரம்பாயில். எனக்கு வேலையும் அங்கேயே ஒரு தொழிற்சாலையில். கெஞ்சிக் கூத்தாடிக் காலை ஷிப்டை வாங்கி வைத்திருக்கிறேன். மத்தியானம் ஓடி வந்து, அவருக்குச் சோறு போட்டு, நான் நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். ரத்தம் சுத்தம் செய்து முடிந்து வெளியே வரும்போது அவர் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். ஏர்கோன் பட்டால் உடம்பு வெடவெட என்று நடுங்கும். கண்ணாடியை அடைத்தால் குமட்டும். வெளிக்காற்று முகத்தில் அடித்தால்தான் வீடு வரை தாங்குவார். அதனால் மற்றவர்களுக்குச் சின்ன ரிப்பேராக இருந்தது எனக்குத் தலைவலியாக வந்து சேர்ந்தது.

முதலில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் போர்மேனிடம் போனேன். சுவிட்சு போய்விட்டது என்றார். மாற்றினோம். அதே முனகல்தான். கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்துவிட்டது என்று மருந்து அடித்துப் பார்த்தார். ஒரு நாள் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது, அது என் ஆசையாகவும் இருக்கலாம். கடைசியில் மோட்டார்தான் என்று முடிவு கட்டி, டிரைவர் கதவுக்கு வேறு மோட்டார் போட்டார். புது மோட்டாரும் இந்தக் குடும்பத்துப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை.

"பேட்டரியா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்லலா அக்கா. கார் டப்புனு ஸ்டார்ட் ஆவுதுல்ல? பேட்டரி வீக்கா இருந்தா அது எப்படி ஆவும்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நிலையத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவள் நான். தூங்கவும் முடியாது, வீட்டுக்குப் போய்வரவும் முடியாது. பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பது தவிர வேறு என்ன வேலை? வைப்பரைப் போட்டால் கண்ணாடி இன்னும் மெதுவாகும். விளக்கையும் போட்டால் அப்படியே நின்றுவிடும். சிக்னலைப் போட்டு பிரேக்கை மிதித்தால், பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாத முன் விளக்கு ஒன்று மினுக் மினுக்கென்று எரியும். ஒரு கண்ணாடி மெதுவாக இருந்தால் அந்தக் கதவைக் குற்றம் சொல்லலாம். நான்கும் மெதுவாகி, விளக்கும் கூடச் சேர்ந்து ஆடினால் கோளாறு கதவில் இல்லை என்று எனக்கே தோன்றியது. இதைப் போர்மேனிடம் சொன்னேன்.

"அக்கா, நீங்களே பட்டறை போட்டுருங்க," என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

இதற்கிடையில்தான் அந்த மழை நாள். டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் கொட்டியது. கணவர் நனைந்துவிடுவாரே என்று கண்ணாடிகளை எப்படியோ தூக்கி அடைத்தேன். மழை விட்டதும் திறக்கப் பார்த்தால் ஒன்றும் அசையவில்லை. முன்னும் பின்னும் வண்டிகள். அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்து, உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டித் தட்டி, "திற, திற" என்று கத்தினார். எப்படியோ ஓரம் கட்டிக் கதவைத் திறந்துவிட்டேன். காலை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். 

அடுத்த முறை கிளம்பும் நேரத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கண்ணாடி சரியாவற வரைக்கும் நான் வரல."

"வாடகைக் கார் கூப்பிடறேங்க."

"எவனோ ஒருத்தன் காருல வாந்தி எடுக்கவா? வேணாம்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. போகாமலேயே அந்த நாள் போனது. நிலையத்துத் தாதி போன் செய்து, இன்னொரு முறை விட்டால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று எச்சரித்தார். கணவரின் பாதத்தில் விரலை வைத்து அமுக்கினேன். விழுந்த குழி மேலே வரவே இல்லை. பயந்து போனேன்.

மறுமுறைக்கான நாள் வந்ததும் ஒரு பேரம் பேசினேன். தெங்கேராவில் கார் ஒயரிங் மட்டுமே பார்க்கும் ஒரு ஒயர்மேன் இருக்கிறார் என்று கூட வேலை செய்யும் பெண் சொல்லியிருந்தாள். "உங்க கண்ணு முன்னாலயே பாக்கச் சொல்றேன். சரியாச்சுன்னா அங்கேருந்து நேரா டயாலிசிஸுக்குப் போறோம். சரியாவலன்னா வீட்டுக்குத் திரும்பிடலாம், நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்." அவர் சரி என்று சட்டையை எடுத்து மாட்டினார்.

ஒயர்மேன் எங்களைவிட மூத்தவர், பேச்சு குறைவு. நான் கவனித்ததையெல்லாம் ஒப்பித்தேன். நல்ல வேளை, சிரிக்கவில்லை. போனெட்டைத் திறந்து, தடித்த ஒயர் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்புப் பக்கத்திலும் மறுமுனையைக் காரின் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் மாட்டினார்.

"இப்ப அமுக்கும்மா."

அமுக்கினேன். கண்ணாடி சரசரவென்று இறங்கியது. என் கண்ணையே நம்ப முடியவில்லை.

"கரண்டு போறதுக்கு வழி இருக்கு. திரும்பி வரத்தான் வழி இல்ல. எர்த்துல கோளாறு," என்றார். "ஸ்டார்ட்டருக்குத் தனி எர்த்து. அதனாலதான் கார் ஒழுங்கா ஸ்டார்ட் ஆவுது."

பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் கறுப்பு ஒயரைப் பின்தொடர்ந்து போய், அது முடியும் போல்ட்டில் விரலை வைத்தார். ஸ்பேனர் தேவைப்படவில்லை. கையாலேயே சுற்றிக் கழற்றினார். வளையத்துக்கு அடியில் பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, சந்தனமா?"

சந்தனம்தான். ஆயுத பூஜைக்கு ஊரெல்லாம் காரின் நெற்றியிலும் டயரிலும் பொட்டு வைக்கும். என் வீட்டுக்காரருக்கு அது போதாது. போனெட்டைத் திறந்து ஒரு போல்ட்டு விடாமல் வைப்பார். அந்த எர்த்து ஒயரை மட்டும் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் கழுவி, வளையத்துக்கு அடியில் சந்தனமும் குங்குமமும் அப்பி மறுபடியும் முடுக்குவார். மேலே வைத்தால் அழிந்துவிடும், உள்ளே இருந்தால் வருஷம் பூரா இருக்கும் என்பது அவர் கணக்கு. போன பூஜைக்கு அவர் கையில் பலமே இல்லை. நான் முடுக்கட்டுமா என்று கேட்டேன். "முடுக்கியாச்சு, போ" என்று என்னை விரட்டிவிட்டார்.

ஒயர்மேன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, கிரீஸ் தடவினார். "சாமிக்கு வைக்கறத டயருக்கு வைங்க தம்பி. இங்க வேணாம்லா," என்று சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு கண்ணாடியும் ஏறின, இறங்கின. விளக்கு ஆடவில்லை. எவ்வளவு நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது. இன்றைக்கு டயாலிசிஸ் உண்டு, அது போதும் என்று காரை எடுத்தேன். காற்று ஜம்மென்று உள்ளே வந்தது. கடைவீதியைத் தாண்டும்போது அவர் பேசினார்.

"கண்ணாடி சரியாயிருச்சு."

"ஆமாங்க."

"இனிமே என்ன சொல்லி வீட்டுல இருக்கறது?"

கேலி செய்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். முகத்தில் கேலி இல்லை.  ஒரு கடையோரம் காரை நிறுத்தினேன்.

"அப்ப கண்ணாடி இல்லையா காரணம்?"

"கண்ணாடியும்தான்," என்றார். "களைப்பா இருக்கும்மா. ஊசி, மெஷினு, வாந்தி, மறுபடியும் ஊசி. போதும்னு இருக்கு."

சுவிட்சு, ரப்பர், மோட்டார் என்று நான் கதவுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்க்கவில்லை. வந்தது கோபமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கும் களைப்பாத்தான் இருக்கு," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "நான் யாருகிட்ட போயி போதும்னு சொல்றது? நீங்க இல்லாம அந்த வீட்டுல நான் யாருக்கு ஓடி வந்து சோறு போடறது?"

 கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"சரி, எடு காரை," என்றார் என் கணவர். "இன்னிக்கு வர்றேன். நாளான்னிக்குக் கேக்காத."

"கேப்பேன். நாளான்னிக்கும் கேப்பேன். அதுக்கு அடுத்ததுக்கும் கேப்பேன்."

கியரைப் போட்டு நகர்த்தினேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"முதல்ல கண்ணத் தொடை. முன்னால லோரி நிக்குது பாரு," என்றார்.