சிலுப்பாத கிடா

கல் கொம்பில் பட்டுத் தெறித்தது. கிடா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சிறுகீரைப் பாத்தியில் வாயை வைத்தது. அதன் பின்னால் பதினோரு ஆடுகள். கங்கையம்மாள் அடுத்த கல்லுக்குக் குனிந்தாள்.

பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே அவள் குடும்பத்து நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. மிச்சம் எட்டு சென்ட். கணவன் செத்த பிறகு அதில் கீரை போட்டு, பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசலில் விற்றுச் சாப்பிடுகிறாள். இரண்டு வருடமாகப் பாதிக் கீரை ஆடுகளுக்குப் போகிறது.

கிடா, முன்பு அதே தெருவில் இருந்த எத்திராஜ் என்பவன் ஊர் அம்மனுக்கு நேர்ந்து விட்டது. காதில் வெட்டு வைத்து விட்டுவிட்டு, அவன் சேலையூருக்குக் குடிபோய்விட்டான். நேர்ந்த ஆட்டை அவன் சொல்லாமல் யாரும் கட்ட முடியாது. கரையில் கேட்பாரற்றுத் திரிந்த பெட்டை ஆடுகளோடு சேர்ந்து அது பெருகியது. குட்டிகளுக்கும் கேட்பாரில்லை. கிடா கொம்பால் வேலியைப் பிரிக்கும், மற்றவை நுழையும். புழுக்கையைக் கரைத்து இலையில் தெளித்துப் பார்த்தாள். ஆடுகள் ஒதுங்கின, வாங்குகிறவர்களும் ஒதுங்கினார்கள். மாடு பிடிக்கும் வண்டிக்காரன், "ஆடெல்லாம் புடிக்கிறதில்லக்கா" என்றான்.

அவள் சேலையூருக்கு பஸ் ஏறினாள்.

"எத்திராசு, இந்த ஆடியில உன் கிடாவ வெட்டிடு."

"இன்னாக்கா, என்னவிட உனக்கு பக்தி ஜாஸ்தியா கீது?"

"பக்தி இல்ல. அது கொயம்புல கொதிக்கிறத நான் பாக்கணும்."

எத்திராஜ் சரி என்றான். அதுவரை கட்டி வைக்கவும் சொன்னான்.

அகத்திக்கீரையைக் காட்டிக் கிடாவைப் பிடித்து, மூன்று வாரம் பம்பு அருகில் கட்டினாள். யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. தினமும் காலையில் தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். முதல் நாள் அது சிலுப்பி அவள் முகத்தை நனைத்தது.

"சிலுப்பு. அன்னிக்கும் இப்டியே சிலுப்பு."

பத்தாம் நாள் அது அசையாமல் நின்றது. அடங்கிவிட்டது என்று நினைத்தாள்.

ஆடியில் வெட்டும் நாளன்று, கோயிலில் பூசாரி சிட்டிபாபு அதன் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். ஆடு சிலுப்பினால் அம்மன் சம்மதம். பிறகுதான் கத்தி. கிடா சிலுப்பவில்லை. இரண்டாம் செம்பு. மூன்றாம் செம்பு. கண்ணை மூடியபடி கழுத்து மாலையின் வேப்பிலையை மென்றது. கங்கையம்மாள் வாளியைப் பிடுங்கி மொத்தத்தையும் கொட்டினாள். கிடா கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

"தெனிக்கும் குளிப்பாட்னியாமே. கொயந்த மாரி நிக்குது பாரு" என்றார் பூசாரி. யாரோ சிரித்தார்கள். "அவுத்து வுடு. அடுத்த ஆடிக்குப் பாக்கலாம்."

எத்திராஜ் கிடாவுக்குப் பதிலாகக் கோழி வாங்கப் போனான்.

மறுநாள் ஐந்தரைக்கு அவள் மோட்டார் போட்டாள். ஆறு மணிக்குக் கிடா வந்தது, பின்னால் பதினோரு ஆடுகள். இரண்டு பாத்தி போயிற்று. மிச்சத்தைப் பறித்துக் கட்டி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனாள். பத்து மணிக்குத் திரும்பியபோது கிடா மட்டும் பம்படியில் தலையைக் குனிந்து நின்றிருந்தது, மஞ்சள் தண்ணீருக்கு. அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலியைக் கட்டப் போனாள்.