வெளிய தெரியுதா

என் மாமா கள் குடித்ததே இல்லை. கள்ளுக்கடைப் பக்கமிருந்து காற்று வீசினாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆனால் அவரைப் பார்க்கிற யாரும் அதை நம்ப மாட்டார்கள். இரண்டு கண்ணும் எப்போதும் சிவந்து, நீர் கோத்துக்கொண்டு இருக்கும்.

அம்மாவுக்கு அவர் தம்பி. எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், எங்களோடுதான் இருந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டப் போவார்கள். மரத்துக்கு நிழல் உண்டு. மாமா சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக் கல் உடைக்கப் போவார். அங்கே மலையும் வெள்ளை, தரையும் வெள்ளை, உடைத்துப் போட்ட கல்லும் வெள்ளை. வெயில் மேலேயிருந்தும் வரும், கீழேயிருந்தும் வரும். சாயங்காலம் அவர் வரும்போது லயத்துக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

"என்னா மச்சான், கல்லு உடைச்சியா, கள்ளு உடைச்சியா?"

மாமா சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். சித்தியவானிலிருந்து பெண் கொடுக்க வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். அம்மா கொண்டுவந்த தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அம்மா மாமாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். எனக்கு எட்டு வயது. அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். மாமாவின் இமையைப் புரட்டிப் பார்த்தார். வலது கண்ணின் மூக்கோரத்தில் மெல்லிய சதை ஒன்று, ஈயின் இறக்கை மாதிரி, கருவிழியை நோக்கி வளர ஆரம்பித்திருந்தது.

"வெள்ளைக் கல்லிலை பட்டுத் தெறிக்கிற வெயில்தான் காரணம். அந்த வெயிலுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒண்டு இருக்கு. அதை மறிக்கிற கண்ணாடி வேணும். இந்தத் துண்டை ஈப்போக் கடையிலை காட்டு. நிறத்தைப் பாத்து ஏமாறாதை, என்ன?"

துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தார். படிக்கத் தெரிந்தவள் என்று என்னை மாமாவோடு அனுப்பினார்கள். நான் அப்போது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அதோடு நிறுத்திவிட்டார்கள், அது வேறு கதை. காகிதத்தில் இருந்தது ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, தமிழ் மட்டுமே தெரியும் என்று நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது காகிதம் இருக்கிறதா என்று பத்துத் தரம் பார்த்தேன். வெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு வெளியே போகவே பயமாக இருந்தது. பேய்க்குக்கூட இரவில் மட்டும் பயந்தால் போதும். இது பகலில் வருகிறது.

கடைக்காரர் சீனர். காகிதத்தைப் படித்துவிட்டு ஒரு கண்ணாடியை எடுத்து வைத்தார். இலேசான சாம்பல் நிறம். தூசி படிந்த சன்னல் மாதிரி இருந்ததே தவிர, கறுப்பு என்று சொல்ல முடியாது. "பாகுஸ், பாகுஸ்," நல்லது நல்லது என்றார். மாமா பக்கத்துப் பெட்டியில் இருந்த இன்னொன்றைக் காட்டினார். அது அட்டைக் கறுப்பு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கடைக்காரர் தலையை ஆட்டி மறுபடி சாம்பலைத் தள்ளினார்.

"நீ போட்டுப் பாரு புள்ள," என்றார் மாமா.

சாம்பல் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தேன். ரிக்‌ஷா, மாட்டுவண்டி, எதிர்க்கடைப் பலகை, எல்லாம் அப்படியே தெரிந்தன. எல்லாம் உள்ளே வருகிறது என்றால் அந்தக் கதிரும் வருமே. நிறத்தைப் பார்த்து ஏமாறாதே என்று டிரசர் சொன்னது இதைத்தான் என்று முடிவு செய்தேன். கறுப்பைப் போட்டேன். தெருவே அணைந்துபோனது. அப்பாடா என்றிருந்தது.

மாமா அதை வாங்கித் தானும் மாட்டிக்கொண்டார். சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். கடைக்குள் ஏற்கெனவே இருட்டு, அதில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும். என் பக்கம் திரும்பிக் குனிந்தார்.

"வெளிய தெரியுதா?"

"தெரியல மாமா," என்றேன். "சுத்தமா தெரியல."

"அப்ப இதுதான்," என்றார். காகிதத்தை மடித்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் பாகான் செராயிலிருந்து ஒருவர் வந்தார். மாமா கறுப்புக் கண்ணாடியோடு பாயில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருப்பதாக அம்மா சொன்னாள். தோட்டத்துத் துரைகளும் கணக்கெழுதும் கிராணிமாரும் போடுகிற பொருளைப் போட்டிருந்த மாப்பிள்ளையை வந்தவருக்குப் பிடித்துப்போனது. கல்யாணம் நடந்தது. அத்தை வந்த பிறகும் மாமா தூங்கும்போது மட்டுமே அதைக் கழற்றினார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

கல்மலைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். முன்பெல்லாம் வெயிலில் கண்ணைச் சுருக்குவார். இப்போது சுருக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அந்தச் சதை கருவிழி மேல் ஏறிவிட்டது. மறுபடி டிரசரிடம் போனோம். அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வெறும் கறுப்பு. கறுப்புக்குள்ளை கண் அகலத் திறக்கும். திறந்த கண்ணுக்குள்ளை மறிக்க வேண்டிய கதிர் தாராளமாப் போகும். ஆர் இதைத் தெரிஞ்செடுத்தது?"

நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"கடைக்காரன் குடுத்தது ஐயா," என்றார் மாமா. என்னைப் பார்க்கவே இல்லை.

வலது கண் பிறகு நிழலைத்தான் பார்த்தது. கல் உடைக்க முடியாமல் அங்கேயே காவலுக்கு உட்கார்ந்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பொய் சொன்னார் என்று நினைத்து நான் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அவர் காலமான பிறகும் அந்த நினைப்புப் போகவில்லை.

போன வருஷம் எனக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. மகள் ஈப்போவில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். யூவி தடுக்கும் என்று எழுதி ஒட்டியிருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கடைப்பெண்ணைப் படுத்தி எடுத்தேன். கடைசியில் ஒன்றை மாட்டிக்கொண்டேன். இமை வீங்கி, கண் சிவந்து கிடந்த நேரம். மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு வேறு போக வேண்டும். மகள் பக்கம் திரும்பினேன். வாய் தானாகக் கேட்டது.

"வெளிய தெரியுதா?"

அவள் தெருவைப் பார்க்கவில்லை. என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள்.

"தெரியலம்மா," என்றாள்.

அன்று ஈப்போக் கடையில், மாமா குனிந்து அதைக் கேட்டபோது, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தெருவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.