கம்பிக்காரம்மாவின் கட்டைவிரல்

முதல் தொட்டியை எடுப்பதற்கு முன்னால் கம்பிக்காரம்மா வலது கட்டைவிரலை வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கிறாள். பல் பதிகிறது. பதிந்த இடம் வெளுத்து, மெல்லச் சிவக்கிறது. விரலுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடிக்கிறாள்.

“என்ன அண்ணி, இந்த வயசுல விரல் சூப்புறீங்க?” என்கிறாள் எதிர் மேசையில் மண் சலிக்கும் நாத்தனார். “எங்கண்ணன் வீட்டுக்கு ஒண்ணுமே வாங்கிப் போடுறதில்லையா?”

“முள்ளு குத்திடுச்சு.”

“தினமும் அதே விரல்லயா? முள்ளுக்குக்கூட உங்க மேல அவ்வளவு பிரியம்.”

கம்பிக்காரம்மா ஈரத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு கம்பிச் சுருளை இழுக்கிறாள். பேச வேண்டியதையெல்லாம் நாத்தனாரே பேசிவிடுவதால், இருபது வருஷமாக அந்தக் கொட்டகையில் அவளுடைய குரலைக் கேட்டவர்கள் குறைவு.

பால் நிற பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நடுவில் ஓடும் பலகைகளில் வரிசை வரிசையாக, போன்சாய் என்னும் குட்டை மரங்களாக்குவதற்கான ஜூனிபர் ஊசியிலைக் கன்றுகள். பென்சில் கனத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நிற்கும் மூன்று வயதுக் கன்றை, நூறு வருஷம் மலைக்காற்றில் அடிபட்ட கிழமரம் போல ஆக்குவது அவள் வேலை. அலுமினியக் கம்பியின் நுனியை வேரோரம் மண்ணில் ஆழக் குத்தி, பட்டையோடு பட்டையாகச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே மேலே போவாள். சுற்று இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. பிறகு வளைவு விழ வேண்டிய இடத்துக்கு அடியில் வலது கட்டைவிரலை முட்டுக் கொடுத்து, இடது கையால் தண்டை முறுக்கியபடி சாய்ப்பாள்.

எல்லாம் அந்தக் கட்டைவிரலில்தான் இருந்தது. தண்டு உடைவதற்கு ஒரு நொடி முன்னால் பட்டைக்கு உள்ளே ஏதோ லேசாக நெகிழும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. “போதும்னு அது சொல்லும்” என்பாள், யாராவது விடாமல் கேட்டால். “சொன்னப்புறம் ஒரு நூல்கூடப் போகக் கூடாது.” அந்த ஒரு நூல் அளவைத் தாண்டாமல் இருந்ததால்தான் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது.

குளிர்காலம் தொடங்கியபோது விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. மருத்துவமனையில் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்த டாக்டர், நரம்பு நசுங்கியிருக்கிறது, நாள் கடந்துவிட்டது, இனிமேலாவது கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். அவள் தலையாட்டிவிட்டு நேரே வேலைக்கு வந்தாள். வீட்டில் சட்டையின் மேல் பித்தானைப் போட முடியவில்லை. “துளை சின்னதா வெச்சுத் தச்சுட்டான்” என்று தையல்காரன் மேல் பழியைப் போட்டாள். கணவர் ஒன்றும் கேட்காமல் தினமும் காலையில் பித்தானைப் போட்டுவிடுகிறார். மூன்று சட்டைக்கும் ஒரே தையல்காரன்தானா என்றுகூட அவர் கேட்கவில்லை.

நாத்தனாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வளைக்கிற வேலை போய்விடும். போனால் அவள் யார்? கம்பியைத் தொடாத கம்பிக்காரம்மாவை அந்தக் கொட்டகையில் எந்த மூலையில் வைப்பார்கள்? ஆகவே எதுவும் சொல்லாத விரலை முட்டுக் கொடுத்து, கண்ணளவில் வளைத்தாள். அந்தப் பருவத்தில் மட்டும் அறுபத்து நான்கு கன்றுகள்.

முதலாளி பூரித்துப் போனார். அவர் பழைய முதலாளியின் மருமகன். அதற்கு முன் கட்டில், மெத்தை வியாபாரம் செய்தவர். மரத்தைப் பார்க்கும்போதுகூட உட்கார்ந்து பார்க்கலாமா என்பது போலத்தான் பார்ப்பார். நாத்தனார் அவருக்கு மறைவில் வைத்த பெயர் மெத்தை.

“கம்பிக்காரம்மா, இந்த வாட்டி கை என்னமா ஓடுது! முன்னெல்லாம் பயந்து பயந்து வளைப்பீங்க. இப்பத்தான் துணிச்சல் வந்திருக்கு.”

அது உண்மைதான். இத்தனை வருஷமாக அவளைத் தடுத்து நிறுத்தியது ஒன்றே ஒன்றுதான். அது இப்போது இல்லை. பாம்பு போல நெளிந்து, திரும்பி, மண்ணைத் தொடப்போய் மறுபடி எழும் வளைவுகள். அவள் வாழ்நாளில் செய்ததிலேயே அழகானவை. அந்த அழகைப் பார்க்க மாட்டாமல் அடுத்த தொட்டியை இழுத்துக்கொள்வாள்.

மற்ற மரம் செத்தால் இலையைக் கொட்டிச் சொல்லிவிடும். ஜூனிபர் அழுத்தக்காரி. வேருக்கும் கிளைக்கும் உறவு அறுந்த பிறகும் இரண்டு மாதம் பச்சையாகவே நிற்கும். வளைத்த ஆறாவது வாரத்தில், மற்ற கன்றுகளின் நுனியில் எலுமிச்சை நிறத்தில் புதுத் துளிர் வந்தபோது, பதினொரு கன்றுகளில் வரவில்லை. எல்லாம் ஆழமான வளைவுகள். அந்தப் பதினொன்றின் இடமும் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் தண்ணீர் ஊற்றும்போது ஒன்றையும் விட்டுவிடவில்லை.

ஒரு நாள் காலை முழுக்க வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்து, மதியம் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, என் விரல்ல உணர்ச்சி இல்லீங்க. நான் வளைச்சதுல பதினொண்ணு செத்துப்போச்சு.”

“எது?”

காட்டினாள். அவர் இலையைத் தடவிப் பார்த்தார்.

“பச்சைப்பசேல்னு இருக்கேம்மா.”

“அப்படித்தாங்க இருக்கும்.”

“செத்தது இப்படி இருக்கும்னா, உயிரோட இருக்கிறது எப்படி இருக்கும்?”

“அதுவும் இப்படித்தாங்க இருக்கும்.”

கொட்டகையே சிரித்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வயசானா எல்லாருக்கும் கை மரத்துப் போறதுதாம்மா. எங்கம்மாவுக்கும் இருக்கு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார். கெட்ட மனுஷர் இல்லை. கொட்டகை மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அண்ணியின் கையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“நெஜமாவா அண்ணி? எங்க, அந்தப் பக்கம் பாருங்க. இப்பக் கிள்ளுறேன்.”

“கிள்ளு.”

“கிள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அதற்கப்புறம் அன்றைக்கு முழுவதும் நாத்தனார் வேடிக்கையாக ஒன்றும் பேசவில்லை. கம்பிக்காரம்மாவுக்கு அதுதான் டாக்டர் சொன்னதைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம், ஓட்டல் வரவேற்பறைகளுக்குச் செடி வைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாள் வந்தார். பலகையோரமாக நடந்து, தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தார். ஒன்பது தொட்டிகள். ஒன்பதும் அந்தப் பதினொன்றில் உள்ளவை. வேறெதன் மேலும் அவர் கண் நிற்கவேயில்லை.

“இந்த வளைவுதான் எனக்கு வேணும். மத்ததெல்லாம் சாதாரணமா இருக்கு.”

“இவங்க கைதாங்க” என்று முதலாளி கம்பிக்காரம்மாவைக் காட்டினார். “வர்ற வாரம் இருநூறு கன்னு இறக்குறேன். அத்தனையும் இதே மாதிரி வளைச்சுத் தருவாங்க. என்னம்மா?”

இருநூறு. வாசலில் காலித் தொட்டிகள் அடுக்கியிருந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். எதற்கென்று கேட்கவில்லை.

“கம்பியை எப்ப எடுக்கணும்?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

முதலாளி அவளைப் பார்த்தார். ஒரு வருஷம் ஆகும். அதற்கு முன்னால் எடுத்தால் உயிருள்ள தண்டு முரண்டு பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிடும். அதுவும் வளைத்து இரண்டு மாதம்கூட ஆகாத தண்டு, கம்பியை வெட்டின கையோடு எழுந்து நிற்கப் பார்க்கும்; செத்ததுதான் போட்டபடி கிடக்கும். “எங்கண்ணன் மாதிரி. நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் ஒழுங்கா இருப்பாரு” என்று நாத்தனார் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

கம்பிக்காரம்மா கம்பிவெட்டியை எடுத்தாள். ஒன்பதில் மிக அழகானதை முன்னால் இழுத்து, உச்சியிலிருந்து முதல் சுற்றை வெட்டினாள்.

“அம்மா! என்ன பண்றீங்க?” முதலாளி கையை நீட்டினார்.

அவள் நிறுத்தவில்லை. டக். டக். வளையம் வளையமாகக் கம்பித் துண்டுகள் பலகையில் விழுந்தன. கடைசித் துண்டு வேரோரம் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

மரம் அசையவில்லை. போட்ட வளைவு போட்டபடி, பச்சையாக நின்றது.

“அட, அதுக்குள்ள வளைவு நின்னுடுச்சே!” என்றார் அந்த அம்மாள்.

“கை அப்படிங்க அவங்களுக்கு” என்று முதலாளி பெருமூச்சு விட்டுச் சிரித்தார்.

எதிர் மேசையில் சல்லடை நின்றுபோயிருந்தது. கம்பிக்காரம்மா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமான இடத்தில் கட்டைவிரலை வைக்கப் போனவள், விரலை விலக்கிக்கொண்டாள். பலகைமேல் குனிந்தாள். வளைவின் மேல் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அது கொஞ்சமாவது நிமிர்ந்து தன்னை முட்டுகிறதா என்று காத்திருந்தாள்.