யூலான் மாமி விளையாடாத ஆட்டம்

என் மாமி யூலான் ஒரு காலத்தில் சீனாவின் பெண்கள் இரட்டையர் பட்மின்ரன் சாம்பியன். இப்போது நோர்வேயில், ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் "ஐயோ பாவம்" என்கிறார்கள். மாமிக்கு அந்த வேலை பிடிக்கும். அவரைப் பாவம் பார்க்கத் தேவையில்லை. தேவைப்பட்ட வேறொன்றை நாங்கள் கொடுக்கவில்லை. இந்த வருடம் பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருக்கும் எனக்கு, அதை நினைக்க நினைக்க எரிச்சல்தான் வருகிறது.

ஒன்பது வயதில் அவரை விளையாட்டுப் பள்ளி விடுதியில் விட்டார்கள். தனியாக ஆடத்தான் அவருக்கு ஆசை. பயிற்சியாளர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "கை வேகம், கால் மெதுவு. இரட்டையர் ஆட்டத்துக்குப் போ" என்றாராம். யாரோடு என்பதையும் அவரேதான் முடிவு செய்தார். முதல் துணை சரிவரவில்லை. இரண்டாவதாக வந்தவர் பாங் மேய். இரண்டு பேரும் ஒரே அறையில் தூங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, நடுவில் வரும் இறகுப்பந்தை யார் எடுப்பது என்று வாய் திறக்காமலே தெரிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். தேசியப் பட்டம் கிடைத்தது அவரோடுதான். வெளிநாட்டுப் போட்டிகள் தொடங்கவிருந்த நேரத்தில், ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது பயிற்சியாளர் வந்து, பாங் மேய் இனி உயரமான வேறொரு பெண்ணோடு ஆடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள் மாமி?" என்று கேட்டேன்.

"சரி எண்டனான். சொல்லிப்போட்டுக் கஞ்சியைக் குடிச்சு முடிச்சனான்."

மூன்றாவது துணை இடதுகைக்காரி. இருவரின் மட்டைகளும் மோதிக்கொண்டே இருந்தன. இருபத்தாறு வயதில் மாமி ஆட்டத்தை விட்டார். பிறகு ஒஸ்லோவில் ஒரு கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்தார். கழகம் மூடப்பட்டது. நோர்வேஜிய மொழி வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்த என் மாமா இந்திரகுமாரைக் கல்யாணம் செய்தார். எங்கள் வீட்டு விசேஷங்களில் நாலு பேரோடு கதைத்துக் கதைத்தே தமிழும் பழகிவிட்டார். ஆனால் சேர்ந்து விளையாடத்தான் ஆளில்லை. மாமா பந்து வந்தால் கண்ணை மூடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மருட் விளையாட்டு மண்டபத்தில் துஷாரா அக்காவைச் சந்தித்தார். துஷாரா அக்கா தாதி. இங்கேயே பிறந்தவர். ஒரே பக்கம் நின்று ஆடிய இரண்டாம் ஆட்டத்திலேயே, சாம்பியன் என்றும் பாராமல், "அக்கா, நடுவுக்கு வாறது என்ர பந்து. விடுங்கோ!" என்று கத்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாமி சிரித்தார். ஆட்டம் முடிய, "நீ என்னோட சோடியா விளையாடுறியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை மாமி வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டார். அதற்கு முன் அவருடைய துணை யார் என்பதை எப்போதும் வேறு யாரோ சொன்னார்கள்.

அந்தத் துணையோடு ஒரே ஒரு உண்மையான போட்டி ஆட வேண்டும். அவ்வளவுதான் மாமியின் ஆசை. கழகப் போட்டிகளுக்கு பேர்கன், துரொண்ட்ஹைம் என்று தூர நகரங்களுக்குப் போகவேண்டும். துஷாரா அக்காவின் வேலை நேரத்துக்கு அது ஒத்துவராது. ஆனால் எங்கள் யாழ்ப்பாண ஊர்ச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து வருடம் ஒருமுறை நடத்தும் போட்டி ஒஸ்லோவை ஒட்டிய ஸ்ட்ரோம்மனுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. பெயர் கொடுக்க இருவரும் போனார்கள். நானும் கூடப் போனேன்.

ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் தில்லைநாதன். மரியாதையான மனிதர். எழுந்து, தான் இருந்த கதிரையையே மாமிக்குக் கொடுத்தார்.

"இது ஊர்களுக்கு இடையிலான போட்டி, பிள்ளை. சோடி ஒரே ஊராய் இருக்கவேணும்" என்றார் துஷாரா அக்காவிடம்.

"தில்லையண்ணை, நான் பிறந்தது ஒஸ்லோவில. எனக்கு எது ஊர்?"

"கொப்பற்ற ஊர். அப்பான்ர ஊர்தான் பிள்ளைக்கும்."

"கலியாணம் கட்டினாப் பிறகும்?"

தில்லைநாதன் கொஞ்சம் யோசித்தார். "கட்டினா, புருஷன்ர ஊர்."

"அப்ப இந்த அக்காவுக்கு?"

"அதில பிரச்சினையே இல்லை. அவ எங்கட இந்திரகுமாற்ற ஊர் மருமகள்."

சீனாவில் பிறந்தவருக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர் உடனே கிடைத்துவிட்டது. ஆனால் துஷாரா அக்காவின் கணவர் பக்கத்து ஊர். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரு ரோட்டுத்தான். ஊர்களின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் எனக்கும் வீட்டில் பிரச்சினை.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர், "புருஷன்மாரை மாத்திக் கட்டினால் விளையாடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். துஷாரா அக்கா சிரிக்கவில்லை.

மாமாவின் ஊர்க்காரரில் மாமியோடு விளையாட வேறு பெண்ணும் இல்லை. மாமியை எப்படியும் விட்டுவிடக்கூடாது என்று தில்லைநாதன் ஒரு வழி கண்டுபிடித்தார். "அவவைப் பிரதம விருந்தினராக் கூப்பிடுவம். பொன்னாடை போத்திக் கௌரவிப்பம்."

அவர் அதை உண்மையான அன்போடுதான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். விளையாட வந்தவருக்குச் சால்வை போர்த்துபவரிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது?

மாமா சந்தோஷப்பட்டார்.

போட்டியன்று மாமி சேலை கட்டவில்லை. விளையாட்டு உடுப்போடு, தோளில் மட்டைப் பையோடு வந்தார். மாமா காருக்குள் இருந்தே முணுமுணுத்தார். மேடையில் மாமி விளக்கேற்றினார். தில்லைநாதன் பொன்னாடை போர்த்தினார். "சீன தேசத்துச் சிங்கம், எங்கள் ஊர் மருமகள்" என்று ஒலிவாங்கியில் ஆரம்பித்து நீண்ட நேரம் பேசினார். பிறகு மாமியைப் பேசச் சொன்னார்கள்.

"நான் விளையாட வந்தனான்" என்றார் மாமி.

மண்டபம் கைதட்டியது. அதை அடக்கமான நல்ல பேச்சு என்று நினைத்துவிட்டார்கள்.

முதல் ஆட்டத்துக்குத் துஷாரா அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவருக்குச் சங்கம் சேர்த்துவிட்ட சோடி சோபிகா. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. இருவரும் களத்தில் இறங்கியதும் மாமி எழுந்தார். பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்தார். மட்டையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய் துஷாரா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அன்ரி, நீங்கள் விளையாடுங்கோ. நான் இருந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு சோபிகா வெளியே போனாள்.

எதிர்ப்பக்கம் நின்ற தேவிகா என்பவர், "எங்களுக்கும் ஓகே. சாம்பியனோட விளையாட எப்ப கிடைக்கும்?" என்றார். விளையாட வேண்டிய எல்லோருக்கும் சம்மதம். ஆனால் நடுவராக இருந்த சேந்தன் தில்லைநாதனைப் பார்த்தான்.

"பிரதம விருந்தினர் தயவுசெய்து மேடைக்கு வரவும்" என்றது ஒலிபெருக்கி.

மாமி அசையவில்லை. துஷாரா அக்காவும் அசையவில்லை.

"பிரதம விருந்தினர் தயவுசெய்து..."

"சேந்தன், சேர்விஸ் போடச் சொல்லு!" என்று துஷாரா அக்கா கத்தினார்.

"அக்கா, நான் என்ன செய்யிறது? சட்டம் அப்பிடி."

கடைசியில் சேந்தன் வெற்றியை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்தான். பந்து வலையைத் தாண்டவே இல்லை. தேவிகா மட்டையை நிலத்தில் எறிந்துவிட்டுப் போனார்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இனி நான் சங்கத்தில எப்பிடி முகம் காட்டுறது?"

"நீ வேணுமெண்டா உள்ளை போய் உனக்காக மன்னிப்புக் கேள், குமார். எனக்காகக் கேக்காதை" என்றார் மாமி. மாமா போகாமல் நின்றார்.

அம்மருட் மண்டபத்துக்குப் போய் மாமியும் துஷாரா அக்காவும் ஓர் ஆட்டமாவது ஆடலாம் என்று காரில் கிளம்பினோம். அங்கே பிள்ளைகளின் கைப்பந்துப் போட்டி. வாசல்வரை ஆட்கள். பியோர்ண்டால் மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம், அங்கேயும் இடமில்லை. துஷாரா அக்காவுக்கு மாலையில் வேலை.

"அடுத்த வருஷமும் சட்டம் இதுதான் அக்கா" என்றார் துஷாரா அக்கா. பேருந்து வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

"ஓம்."

"என்னை வேற ஆரோடையும் சேர்ப்பினம். பிறகு?"

"பிறகும் நான் வந்து உன்னோடதான் நிப்பன்."

துஷாரா அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நிண்டா மட்டும் காணாது. நடுப்பந்தை எனக்கு விடவேணும்."

"அது பாப்பம்" என்றார் மாமி.

பேருந்து வந்தது. துஷாரா அக்கா ஓடிப்போய் ஏறினார். மண்டபத்துக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு களம் காலியாகுமா என்று கண்ணாடிக்குள்ளால் பார்த்தபடி, மாமி மட்டைப் பையைத் தோளில் இருந்து இறக்காமல் நின்றார்.