செட்டை விட்டு நகராதே

இதை நம்புமாறு யாரையும் வேண்டப்போவதில்லை. நடந்தது, அவ்வளவே. நாள் 1962 மே 14. நேரம் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எண்ணுபவர்கள் அன்றைய வெயிலில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். நிலையத்தின் பெயர் மட்டும் இங்கே மறைக்கப்பட்டிருக்கிறது. இலுப்பூருக்கும் கொடும்பாளூருக்கும் இடையில் ஒரு போலீஸ் வயர்லெஸ் நிலையம் என்று கொள்க.

அன்று காலையிலிருந்தே ஏட்டு ஆத்மநாதன் கோபத்தில் இருந்தார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. யுத்தகாலத்து மிச்சமான பழைய வயர்லெஸ் செட்டுகளைக் கழற்றிவிட்டுப் புதிய செட்டுகளைப் பொருத்தும் வேலை இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு இடங்களில் பதினொன்று பேசிவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று: ஏரிக்கரை அவுட்போஸ்ட். நிலையத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பாறைக் குன்று படுத்திருந்தது. பழைய செட்டே அந்தக் குன்றுக்கு அப்பால் பாதி ஊமை. புதிய செட்டின் அலையோ நேர்க்கோட்டில் போவது. பாறையைச் சுற்றிக்கொண்டு போகத் தெரியாதது. குன்றின் தலையில் ஒரு கம்பம் நட்டு, வரும் பேச்சை வாங்கி மறுபக்கம் அனுப்பும் கருவி ஒன்றை வைத்தால் தீரும். ஆத்மநாதன் மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஞானமணி வந்து நின்றாள். ஆவூர்க்காரி. 1959 நவம்பர் 22 அன்று ஏரி உடைந்தபோது அவுட்போஸ்ட்டோடு போன கான்ஸ்டபிள் இன்னாசியின் மனைவி. மாதம் ஒருமுறை வருவாள், கேட்பது ஒன்றுதான்.

"ஏட்டய்யா, எங்க வீட்டுக்காரரு தூங்கிட்டாருன்னு எழுதி வச்சிருக்காகள்ல, அதை அடிச்சாகளா?"

"இன்னும் இல்லம்மா."

"எம் மவளைப் பள்ளிக்கூடத்துல தூங்குமூஞ்சி போலீசு மவளுன்னு கூப்புடுறாளுக. பூனை நடந்தாக்கூட எந்திரிச்சு உக்காருற மனுசன் அவரு. தகரத்துல அடிச்ச அந்த மழையில எவனுக்குங்க தூக்கம் வரும்?"

விசாரணை அறிக்கையின் வாக்கியம் ஆத்மநாதனுக்கு மனப்பாடம். 'மேற்படி கான்ஸ்டபிள் செட்டை இயக்காது உறங்கிவிட்டதாகத் தெரிகிறது.' யாருக்குத் தெரிகிறது? அதைச் சொல்ல அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. ஒரு மனிதனைக் கொல்ல ஏரி போதுமானதாக இருந்தது. அவன் பெயரைக் கொல்ல ஒரு வினைமுற்று போதுமானதாக இருந்தது. ஆத்மநாதன் அன்றைக்கு இந்த ஊரிலேயே இல்லை. இருந்தாலும் அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சூடேறும்.

"இந்தச் சோதனை முடியட்டும்மா. குன்று மறைக்குதுன்னு நிரூபிச்சுட்டா, அன்னைக்கு அவர் கூப்பிட்டும் கேக்காமப் போயிருக்கலாம்னு எழுத வைக்கிறேன்."

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குக் கான்ஸ்டபிள் வீரய்யா புதிய செட்டுடன் ஜீப்பில் ஏரிக்கரைக்குப் புறப்பட்டான். இரண்டு மணியிலிருந்து ஆத்மநாதன் அழைத்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

இரண்டே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் சோலையப்பன் தம் ஜீப்பில் வந்தார். கையில், எல்லா இடத்துச் செட்டும் பேசின என்ற சான்றிதழ். அதில் 'திருப்தி' என்ற சொல் முன்கூட்டியே தட்டச்சாகியிருந்தது.

"என்ன ஏட்டு, இன்னுமா கையெழுத்துப் போடல? வெள்ளிக்கெழமை பெரியவரு தொறந்து வைக்க வாராரு. பந்தலுக்குச் சொல்லியாச்சு."

"அவுட்போஸ்ட் பேசலையே சார்."

"பேசும்யா. புதுப்பொண்ணுல்ல, வெக்கப்படுது."

"நடுவுல குன்று இருக்கு சார். வெக்கம் இல்ல."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே வேப்பமரத்தில் ஒரு காகம் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நாள்.

மணி மூன்று பத்து.

செட்டில் சடசடவென்று ஓர் ஒலி. தகரக் கூரையில் கல் எறிவதைப்போல. ஆத்மநாதன் ஒலிவாங்கியை எடுத்தார். அது கல் அல்ல. மழை.

"...ஸ்டேசன்... ஸ்டேசன்... கேக்குதாங்க?"

"ஆத்மநாதன் பேசுறேன். கேக்குது. இவ்வளவு நேரம் எங்கய்யா போனே? ஓவர்."

சிறிது நேரம் மழை மட்டும்.

"...மாதாவே... கேக்குது... கேக்குதுங்க..."

வீரய்யா குலதெய்வம் ஐயனாரைத் தவிர யாரையும் கூப்பிட்டு ஆத்மநாதன் கேட்டதில்லை. ஒரு கணம் அது உறுத்தியது. இன்னொன்றும் உறுத்தியது. பேச்சு வரும்போது அதன் வலுவைக் காட்ட எழும்பும் முள், பூஜ்யத்தில் படுத்துக்கிடந்தது. குரலோ அடுத்த அறையில் இருந்து வருவதுபோல் தெளிவாக இருந்தது.

"தண்ணி ஏறுதுங்க. முழங்கால் வரைக்கும் வந்துருச்சு. கரை நிக்காது போல இருக்கு."

இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த வெயில்ல தண்ணி ஏறுதாமா? போட்ட தண்ணி ஏறியிருக்கும்யா! மதுவிலக்குல நமக்கெல்லாம் கெடைக்காதது இவனுக்கு மட்டும் எங்கிட்டுக் கெடைச்சுது?"

ஆத்மநாதனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அவர் தேடிய நிரூபணத்தை ஒரு குடிகாரன் கெடுத்துக்கொண்டிருந்தான். குன்றுக்கு அப்பால் இருந்து குரல் வருகிறது. கம்பம் வேண்டாம். இன்னாசி உறங்கியவன்தான் என்று ஆகிவிடும்.

மூன்று இருபத்தைந்து.

"...செட்டுப் பொட்டி நனையுதுங்க. இடி வேற. மேட்டுல ஏறிட்டா... வாரேங்க."

பேச்சை முடிக்கும்போது 'அவுட்' சொல்ல வேண்டும் என்பது விதி. இந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல வாய் வராதல்லவா? அப்படியே செட்டிலும் 'வாரேன்' என்பார்கள். ஆத்மநாதன் நூறு முறை திட்டியிருக்கிறார். ஆனால் அன்று அந்தச் சொல் விடைபெறுவதாக அவர் காதில் விழவில்லை. சோதனையைப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன் என்பதாக விழுந்தது.

"வராதே!" என்று கத்தினார். "பொய்யா சொல்றே? செட்டை விட்டு நகராதே. ஒரு அடி நகர்ந்தாலும் ஒன் தொப்பியைக் கழட்டிருவேன். சாரோட ஜீப் வரும். அது வரைக்கும் அங்கேயே இரு."

மழை...

மழை...

"...சரிங்க ஏட்டய்யா."

அந்தக் குரலில் குடி இல்லை. பயம் இருந்தது. பயத்தைவிடப் பணிவு அதிகமாக இருந்தது.

மூன்று இருபத்தேழு. கத்தரித்ததுபோல் மழை நின்றது.

முள் ஒருமுறைகூட அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து செட்டை அணைத்தார். மணி மூன்றரை. "பேசிருச்சுல்ல? எழுது. மூணு பத்துல இருந்து மூணு இருபத்தேழு வரை ஒலி தெளிவு. கையெழுத்தைப் போடு."

"முள்ளு எந்திரிக்கலையே சார்."

"ஒனக்குக் காது இருக்கா, இல்ல முள்ளுதான் இருக்கா?"

ஆத்மநாதன் பேனாவை எடுக்கவில்லை. நாலரை தாண்டி ஐந்து நிமிடத்தில் வாசலில் ஒரு சைக்கிள் வந்து சாய்ந்தது. வீரய்யா. சட்டை முழுக்கப் புழுதி. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"மன்னிக்கணுங்க ஏட்டய்யா. பாதி வழியிலேயே ஜீப்பு அச்சு முறிஞ்சுபோச்சு. நாலு மைல் நடந்து, ஒரு ஆள்கிட்ட சைக்கிளை எரவலு வாங்கிக்கிட்டு வாரேன்."

"செட்டு?"

"வண்டியிலேயே கெடக்கு. பொட்டியில ஒரு ஆணிகூடப் புடுங்கல."

"அவுட்போஸ்ட்ல வேற யாரு இருக்கா?"

"அங்க ஏதுங்க ஆளு? பழைய செவுரெல்லாம் அம்பத்தொம்பதுலேயே தண்ணியோட போயிருச்சு. புதுக் கட்டடம் கடைக்காலோட நிக்குது."



இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எங்கிட்டு இருந்து வந்தா என்னய்யா? சத்தம் வந்துச்சு. அது போதும்."

ஆத்மநாதன் சான்றிதழை நான்காகக் கிழித்து மேசைமேல் வைத்தார். "இதுக்கு என் கையெழுத்துக் கெடைக்காது சார்."

"அப்ப குன்று மறைக்குதுன்னு ஆதாரம் கொண்டா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள."

ஆதாரம் இருக்கக்கூடிய இடம் ஒன்றே: 1959-ஆம் ஆண்டுக் கோப்பு. மறுநாள் காலை பத்தே காலுக்குப் புதுக்கோட்டையில் பதிவறையின் கதவைத் திறக்கச் சொன்னார். கோப்பின் அடியில் எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். ஏரி உடைந்து இரண்டு நாள் கழித்து முள்காட்டில் கண்டெடுக்கப்பட்ட இன்னாசியின் உடலில், இடுப்பில் கட்டியிருந்தது; ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு குறித்துவைக்கும் அவுட்போஸ்ட்டின் லாக் புத்தகம். 'நீரில் ஊறி எழுத்து அழிந்துவிட்டதால் படிக்க இயலவில்லை' என்று அறிக்கை கூறியது.

கண்டெடுத்த அன்று பொட்டலத்தின்மேல் வைத்த அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது.

பிரிக்காமலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டரை ஆண்டுகளாக ஒரு பெண் நடையாய் நடந்த அலுவலகத்தில், ஒரு பொட்டலத்தைப் பிரிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. பதிவறை எழுத்தரைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு ஆத்மநாதன் முத்திரையை உடைத்தார். அவரிடம் இருந்தது கோபம் மட்டுமே. அந்த நிமிடம் வரை.

காப்பி பென்சில் எழுத்து. நீர் பட்டால் அழிவதற்குப் பதிலாக ஊதாவாக ஊறிப் பதியும் எழுத்து. ஒவ்வொரு சொல்லும் படிக்கும்படி இருந்தது.

'22.11.59. பிற்பகல் 2.00 முதல் அழைப்பு. பதில் இல்லை.'

'3.10. பதில் கிடைத்தது. ஆத்மநாதன் ஏட்டு பேசுகிறார்.'

'3.25. வர வேண்டாம், செட்டை விட்டு நகராதே, ஜீப் வரும் என்று ஆத்மநாதன் ஏட்டு உத்தரவு.'

1959 நவம்பரில் ஆத்மநாதன் ஜபல்பூரில் ராணுவச் சிக்னல் பிரிவில் இருந்தார். போலீசில் சேர்ந்தது 1960 ஆகஸ்டில். அப்படி ஒரு பெயரை இன்னாசி கேட்டிருக்க வழியே இல்லை.

உண்மை நகல் எடுத்து, எழுத்தரின் சாட்சிக் கையெழுத்தோடு மேலிடத்துக்கு அனுப்பினார். இருபது நாளில் திரும்பி வந்தது. 'அப்பெயருடைய ஏட்டு எவரும் அந்நாளில் இந்நிலையத்தில் பணியாற்றவில்லை. ஆதலின் இப்பதிவு ஏற்கத்தக்கதன்று.' அறிக்கையில் இன்னாசி இன்றும் உறங்கிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதமும் ஞானமணி வந்தாள். அவர் உறங்கவில்லை, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து நின்றார் என்று ஆத்மநாதன் அவளிடம் சொன்னார். யாருடைய உத்தரவு என்று அவள் கேட்டாள். அதையும் சொன்னார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு படியிறங்கிப் போனாள். அதன்பின் வரவில்லை.

3.25-க்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன. அவற்றை மட்டும் அவர் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

'3.40. ஜீப் வரவில்லை.'

'4.05. இடுப்பளவு. ஜீப் வரவில்லை. நகரவில்லை.'

'4.20. ஏட்டய்யா, கேக்குதாங்க?'