மணலில் காய்த்த கத்திரி

கல்யாணமாகி மகாபலிபுரத்துக்குக் குடித்தனம் வந்த புதிதில், சமையலுக்குக் காய் தேடுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. அவர் அங்கே ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். ஊரில் மீன் மலிவு, வாசலுக்கே வரும். நாங்களோ சைவம். காய்கறி திருக்கழுக்குன்றத்திலிருந்து வண்டியில் வந்தாக வேண்டும். வந்து சேரும்போது காய் வதங்கியிருக்கும். விலை மட்டும் வதங்காது. பாதி நாள் ரசமும் சுட்ட அப்பளமுமாக ஒப்பேற்றினேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "கொல்லையில இவ்வளவு இடம் சும்மாத்தானே கிடக்கு?" என்றார்.

"இடம் எங்கே இருக்கு? வெறும் மணல்தான் இருக்கு."

"நல்ல மண்ணைக் கொண்டுவந்து போட்டுட்டா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை, வற்றிக் கிடந்த ஏரியிலிருந்து ஒரு கோணிப்பை வண்டலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். சட்டை முழுக்கப் புழுதி. அந்தக் கோடை முழுக்க விடுமுறை நாளெல்லாம் அப்படித்தான் கழிந்தது. மணலில் குழி பறித்து, தண்ணீர் நிற்பதற்காக அடியில் தேங்காய் மட்டையை அடுக்கி, மேலே வண்டலை நிரப்பினோம். ஆடியில் கத்திரியும் வெண்டையும் அவரையும் போட்டோம். உப்புக்காற்று செடியைக் கருக்கிவிடாமல் இருக்கக் கடல் பக்கம் பனையோலைத் தட்டி கட்டினார். அரிசி கழுவிய தண்ணீர்கூட வீணாகாமல் செடிக்குப் போயிற்று.

புரட்டாசியில் கத்திரி பூவெடுத்தது. காலையில் எழுந்ததும் முதலில் கொல்லைக்குப் போய் அந்த ஊதாப் பூக்களைத்தான் பார்ப்பேன். அப்போது நான் உண்டாகியிருந்தேன். மசக்கை விட்டு, வாய் எதற்கெதற்கோ ஏங்கிய சமயம். முதல் காயை எண்ணெயில் வதக்கிச் சாப்பிட வேண்டும் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

ஒரு மதியம் குளத்திலிருந்து குடத்தோடு திரும்பினால், கொல்லைக்குள் ஆடுகள். கத்திரிச் செடிகள் மொட்டைக் குச்சிகளாக நின்றன. பக்கத்து வீட்டு அம்மாளின் ஆடுகள். கணவரை இழந்தவர், ஆட்டுப்பால் விற்றுத்தான் பிழைப்பு. அதுவரை அவரோடு நான் அதிகம் பேசியதில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

"ஆட்டைக் கட்டி வைக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நானா வுட்டேன்? கவுத்த அறுத்துகினு வந்துட்சி. அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார்.

குடத்தை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், குச்சிகளைப் பார்த்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம், அந்த அம்மாள் தலையில் முள்கட்டோடு வந்தார். யாரையும் கேட்கவில்லை, கொல்லையைச் சுற்றி வேலி போட ஆரம்பித்தார். மறுநாள் காலை ஒரு கூடை ஆட்டுப்புழுக்கை.

"வாத்யாரம்மா, அந்தக் குச்சிங்களப் புடுங்கிப் போட்றாத. வேர் உசுரோடதான் கீது. துன்னது ஆடு, எருவையும் அதுவே போடட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் 'அக்கா'.

ஐப்பசி மழையில் குச்சிகள் கணுவுக்குக் கணு துளிர்த்தன. கார்த்திகையில் பிரசவத்துக்காக அம்மா என்னைச் செய்யூருக்கு அழைத்துப் போனபோது மறுபடி பூ வந்திருந்தது. மழை நின்றதும் எல்லாம் காய்ந்துவிடும் என்றுதான் நினைத்துப் போனேன். பள்ளிக்கூடத்துக்கும் போய், கைச்சமையலும் செய்து, ஞாயிறானால் என்னைப் பார்க்கவும் வருகிறவர், செடியை எங்கே கவனிப்பார்?

மாசியில் பெண் குழந்தையோடு திரும்பினேன். கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கத்திரி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. அவரை தட்டி மேலெல்லாம் ஏறிப் படர்ந்திருந்தது.

"இத்தனைக்கும் நீங்களா தண்ணி ஊத்தினீங்க?"

அவர் கூச்சத்தோடு இல்லை என்று தலையாட்டினார். "நான் இல்ல. நான் எழுந்திருக்கறதுக்குள்ள உன் அக்கா ஊத்தி முடிச்சிடுவாங்க. காயை எடுத்துக்கங்கன்னா கேட்க மாட்டாங்க. நான்தான் பாதியைப் பறிச்சு அவங்க வீட்டுல வெச்சிட்டு வருவேன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். குழந்தையை அக்கா மடியில் கிடத்தினேன். அவர் அதன் காலை வருடிக்கொண்டே, "ஒடம்பு எளச்சிட்ட. பால் கீதா?" என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து, தன் வீட்டு மரத்தில் முருங்கைக்கீரை ஒடித்து என் முந்தானையில் போட்டார்.

அன்று அந்தக் கீரையை வதக்கினேன். எங்கள் கொல்லையிலேயே பறித்த பிஞ்சுக் கத்திரிக்காயை மிளகு போட்டுக் கூட்டு வைத்தேன். அக்கா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்தவரை, காயில்லாமல் நான் சோறு போட்டதில்லை.