கதையில் இறங்காத அப்பா

மெயின்லேண்ட் கப்பலை எங்கள் தீவின் ஜெட்டியில் கட்டியதும் ஆட்களுக்கு முன்னால் இறங்கி வருவது டீசலும் வாந்தியும் வாடிய பூவும் கலந்த ஒரு வாடை. அதை மூச்சில் இழுத்துக்கொண்டே நானும் அம்மாவும் கப்பல் ஏணியைப் பார்த்து நிற்போம். சென்னைக்குப் போன அப்பா எந்தக் கப்பலிலும் வரவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் அமைந்துவிட்டது நாங்கள் குடியிருந்த பத்துபஸ்தியில் தெருவுக்கே தெரியும், அம்மா மட்டும் "டிக்கெட் கெடைச்சிருக்காது" என்பாள்.

நான் ஒன்பதாவது படிக்கையில், அதே தெருவில் குடியிருந்த மல்லிகா டீச்சர், கதை கேட்பவனை எப்படிக் கட்டிப்போடுவது என்று பாடம் நடத்தினார். ஆளுக்கொரு கதை எழுதிப் படிக்க வேண்டும், நடுவில் டீச்சர் கைதட்டி நிறுத்துவார், வகுப்பு "ஃபிர் க்யா ஹுவா?", அப்புறம் என்ன ஆச்சு, என்று கத்தினால் கதை பிழைத்தது. தமிழ் வகுப்பானாலும் ஆவல் வந்தால் எங்களுக்கு இந்திதான் வரும்.

நான் ஜெட்டியை எழுதினேன். கூட்டமெல்லாம் கலைந்தபின் கடைசி ஆளாக அப்பா பெட்டியோடு இறங்குவதாக முடித்திருந்தேன். அவர் இறங்குமுன் டீச்சர் கைதட்ட, வகுப்பே எழுந்து கத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதியைப் படித்ததும் டீச்சர் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாரும் எதிர்பார்க்கறதுதானேம்மா, சப்புனு போச்சு. அவர் வரவே இல்லைன்னு முடி, அப்பதான் மனசுல நிக்கும்."

"அப்பா எறங்கட்டும் டீச்சர்."

"கதைதானே!" என்று கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அவரே வேறு வரி எழுதினார். தெருவுக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்தக் கதையைப் பள்ளிச் சுவர்ப்பலகையில் ஒட்டினார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அம்மா நின்று படித்தாள். வீட்டில் சோறு போடும்போது, "கதையிலயாச்சும் அவர எறக்கி விட்டிருக்கலாம்ல" என்றாள். அதன்பிறகு அவள் ஜெட்டிக்குப் போகவேயில்லை.

இப்போது பாதி ஊர் விமானத்தில் பறக்கிறது, கப்பல் நாளன்று ஜெட்டியில் அந்தக் கூட்டம் இல்லை, நான் படித்த தமிழ்ப் பிரிவில் சேரப் பிள்ளைகளும் அதிகம் இல்லை. நானும் டீச்சராகி ஒன்பதாம் வகுப்புக்கு அதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். அந்தக் கடைசி வரியை எத்தனையோ முறை மாற்றி, அப்பாவை இறக்கிவிட்டாயிற்று. படிக்கத்தான் அம்மா இல்லை.